இரும்புத் திரையை இறக்கியவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். சத்தியம் செய்ய ஒரு தலை வேண்டும். என் வீட்டுக்காரியின் தலையைக் கேட்டேன். "உங்க கதைக்கு என் தலைதான் கிடைச்சுதா? உங்க தலையிலயே அடிச்சுக்கங்க" என்றாள். அடித்துக்கொண்டேன். வழுக்கை என்பதால் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆயுள் முழுக்கத் துணிக்கடையில் துணி அளந்தவன் நான். வேலையை விட்ட பிறகும் ஊர் என்னை 'அளப்பு' என்றுதான் கூப்பிடுகிறது. தொழிலை வைத்து அப்படிக் கூப்பிடுகிறார்கள். வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

சொல்லப்போவது எங்கள் ஊர் நாடகக் கொட்டகையின் வரலாறு. அது எரிந்துபோனது. பத்துப் பேர் செத்துப்போனார்கள். பதினோராவதாக ஒருவரும் காணாமல் போனார். அவர் என் வீட்டுக்காரியின் அப்பா. தீயில் செத்தாரா, இல்லை தப்பித்து ஓடிப்போனாரா என்று தெரியாததால், கொட்டகை வாசலில் நட்ட கல்லில் பத்துப் பெயர்களை வெட்டிவிட்டு அவர் பெயரை விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரி சின்ன வயதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்: அப்பா பெயர் அந்தக் கல்லில் இருக்கவேண்டும். நகை கேட்டிருந்தால்கூடத் தவணையில் முடித்திருப்பேன்.

சரி, கொட்டகைக்கு வருகிறேன்.

அதைக் கட்டியவர் ஒரு மரக்கடைக்காரர். நாடகக் கலையை வளர்க்கும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. மழையில் ஊறிக் கோணிப்போன மரம் ஒரு படகு நிறைய அவர் தலையில் வந்து விழுந்தது. வாங்க ஆளில்லை. வீட்டுக்கு ஆகாத மரம் நாடகத்துக்கு ஆகும் என்று கண்டுபிடித்தார். சுவர், தூண், படி, பெஞ்சு எல்லாம் அந்தக் கோணல் மரம்தான். பெஞ்சுகள் எல்லாம் இடது பக்கம் சரிந்திருக்கும். வரிசையின் கடைசியில் உட்காருகிறவர் மொத்த வரிசையையும் தாங்க வேண்டும் என்பதால் அந்த இடத்துக்கு டிக்கெட் பாதி விலை. பயில்வான்கள் முண்டியடித்து வாங்குவார்கள். வருஷக்கணக்காக அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து பழகியதால் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பார்கள். சட்டைத் துணி அளக்கும்போது வலது தோளுக்கு ஒரு விரக்கடை கூடவே விட்டுக் கொடுப்பேன். வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாது.

மேடைக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு பரண். பரண் முழுக்கக் கயிறு. அரண்மனை, காடு, கடல், நிலா எல்லாம் துணியில் வரைந்து, கழியில் கட்டி, மேலே தொங்கும். கயிற்றை விட்டால் இறங்கும், இழுத்தால் ஏறும். அந்தக் கயிறுகளை ஆண்டவர்தான் என் மாமனார். நான் மாப்பிள்ளையாவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் கதை முடிந்துவிட்டது. ஆனாலும் மாமனார் மாமனார்தானே.

அவர் முதலில் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவர். கடல் ஒத்துக்கொள்ளாத மாலுமி. தண்ணீரைப் பார்த்தாலே குமட்டும் என்பதால் பாய்மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார்களாம். எத்தனையோ நாட்டு ஜனங்களின் உச்சந்தலையை மட்டும் பார்த்தவர். கரைக்கு வந்த பிறகு அதே உயரத்தில் ஒரு வேலை தேடினார். எங்கள் ஊர்க் கொட்டகையின் பரண் கிடைத்தது.

பரணில் இருப்பவருக்குக் கீழேயிருந்து கத்தி உத்தரவு போட முடியாது. நாடகம் நடந்துகொண்டிருக்கிறதே. அதனால் கப்பல் வழக்கப்படி விசில். மேடை ஓரத்தில் 'விசில்காரர்' என்று ஒரு இளைஞர் பித்தளை விசிலோடு நிற்பார். ஒரு தடவை ஊதினால் அரண்மனை. இரண்டு தடவை ஊதினால் காடு. மூன்று தடவை என்றால் கடல். மாமனார் உடனே கயிற்றை விட்டுவிட மாட்டார். காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாக இரண்டு விரலை வாயில் வைத்து மேலேயிருந்து ஒரு பதில் விசில் கொடுப்பார். அது நீளமாகப் போய், கடைசியில் ஒரு சுழி சுழித்து மேலே ஏறும். அந்தப் பதில் விசில் வந்தால், 'இதோ இறக்கப் போகிறேன், தலை பத்திரம்' என்று அர்த்தம். மேடையில் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். ராஜாவும் வைப்பார். சாகக் கிடப்பவரும் வைப்பார். செத்துக் கிடப்பவர் கொஞ்சம் தாமதமாக வைப்பார்.

நிலாவும் மேகமும் முன் பெஞ்சுக்கு மேலேயும் வந்து போகும் என்பதால் பார்க்க வந்தவர்களும் தலையில் கை வைக்கப் பழகினார்கள். முன் பெஞ்சு செய்வதைப் பின் பெஞ்சு செய்தது. பதில் விசில் வந்தால் கொட்டகை மொத்தமும் தலையில் கை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து, ஏதோ பெரிய துக்கக் காட்சி போலிருக்கிறது என்று தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதனால் கொட்டகைக்குள் வேறு யாரும் விசிலடிக்கக் கூடாது. வாசலில் பலகையே தொங்கியது: 'விசிலடித்தால் விழுவதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' மாமனாருக்குக் கப்பல் ஒழுங்கு. விசில் வந்தால் கீழ்ப்படிய வேண்டும், யார் அடித்தது என்று கேட்கக்கூடாது. கொட்டகைக்குப் பின்னால் ரயில் பாதை. கூட்ஸ் வண்டி தினமும் நாடகத்துக்கு நடுவில் வந்து இரண்டு தடவை கூவும். மாமனார் பதில் விசில் கொடுத்துக் காட்டை இறக்கிவிடுவார். ராஜா அந்தப்புரத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தாலும் காடுதான். நாடகம் எழுதுகிறவர் என்ன செய்வார் பாவம், ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு மந்திரவாதியை நுழைத்தார். "அரண்மனையே, காடாகப் போ!" என்று அவன் சபிக்க, வண்டி கூவ, காடு இறங்க, கைதட்டல் கூரையைப் பிளக்கும். வண்டி தாமதமானால் மந்திரவாதி சபித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு நாள் எங்கோ தண்டவாளம் பெயர்ந்து வண்டி வரவே இல்லை. அந்த மந்திரவாதிக்குத் தெரிந்த சாபமெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் தன் சம்பந்தி வீட்டைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் ஊர் இன்றுவரை சிறந்த நடிப்பு என்கிறது.

இனி இரும்புத் திரை.

முழுக்க மரத்தால் ஆன கொட்டகைக்கு அனுமதி கொடுக்க நகராட்சி தயங்கியது. மேடையில் தீப்பிடித்தால் பார்க்க வந்தவர்கள் பக்கம் பரவாமலிருக்க ஒரு இரும்புத் திரை வேண்டும் என்றது. மரக்கடைக்காரர் உடைத்த கப்பலின் தகடுகளை வாங்கிச் செய்ததாகச் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். திறப்பு நாளன்று அது ஒரே ஒரு தடவை இறங்கி ஏறியது. அதை ஏற்ற எட்டு ஆட்கள் நரம்பு புடைக்க, வேர்த்து ஒழுக, ஐயோ அம்மா என்று இழுத்தார்கள். எட்டுப் பேரும் கம்பெனி நடிகர்களாக அமைந்தது தற்செயல். திரை முழுக்க ஆணித் தலைகள். ஒவ்வொரு ஆணிக்கும் நிழல் விழுந்திருக்கும். விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் நிழல் ஒரே பக்கம்தான் விழும். நகராட்சி அதிகாரி அதைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒசத்தி இரும்புங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார் மரக்கடைக்காரர். அதிகாரி திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் யாரும் அதை இறக்கவில்லை. இறக்கினால் ஏற்றுவதற்கு எட்டு ஆளுக்கு எங்கே போவது? ஆனால் அதற்கான விசில் எல்லோருக்கும் தெரியும்: மூச்சு முடியும்வரை ஒரே இழுப்பு.

தீயைப் பற்றி நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. ஒரு மதிய ஆட்டம். ராஜாவின் தாடியில் பிடித்தது என்பார்கள், விளக்குக்குப் பக்கத்திலிருந்த சீலையில் பிடித்தது என்பார்கள். மேடையின் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு குறுகலான கதவு. அதன் முன்னால் மறுநாள் நாடகத்துக்கான தேரை நிறுத்தி வைத்திருந்தார்கள். நடிகர்கள், வேஷம் போட்டுவிடுகிறவர், மிருதங்கம் வாசித்தவர், காபி கொடுக்க உள்ளே போன ஒருத்தர். பத்துப் பேர். பார்க்க வந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் திரை இறங்கிவிட்டது. விசில்காரர் மேடை ஓரத்துச் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். பரண் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. மாமனாரின் ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணையில் விசில்காரர் சொன்னார்: "நான் மூச்சு முடியற வரைக்கும் ஊதினேன். மேலேருந்து பதிலே வரல. கயித்துக்காரர் அதுக்கு முன்னாடியே ஓடிட்டாரு. கயிறு எரிஞ்சு திரை தானா விழுந்துது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊரில் யார் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் என் மாமனாரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்தர் அவர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னொருத்தர் வேறொரு துறைமுகத்தில் வேறொரு பெண்டாட்டியோடு பார்த்ததாகச் சொன்னார். மாமியார் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில், "என்னக்கா, அண்ணன் பணம் அனுப்பறாரா?" என்று கேட்பார்கள். மாமியார் வாயே திறக்கமாட்டார். மகள்தான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவாளாம்.

அவளை நான் பார்த்தது பிறகுதான். இளவயதில் நானும் ஒழுங்கில்லாதவன். தெருவில் போன அவளைப் பார்த்து விசிலடித்தேன். மற்ற பெண்களாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நின்ற இடத்தில் மாடியிலிருந்து ஒரு பூந்தொட்டி விழுந்து நொறுங்கியது. இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என் வீட்டில் விசிலடிக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

வருஷா வருஷம் தீப்பிடித்த நாளன்று ஊர் அந்தக் கல்லின் முன்னால் கூடும். இவளும் போவாள். எல்லோரும் கல்லைப் பார்த்து நிற்க, இவள் மட்டும் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கேட்டால், "அது எங்கப்பாவுக்குக் காட்டினதத்தான் நான் அதுக்குக் காட்டறேன்" என்பாள்.

இப்படியே இருந்திருக்கும். போன வருஷம் ஒரு லாரி பின்னால் வந்து கல்லை இரண்டாக உடைத்துவிட்டது. புதுக்கல் வெட்ட நகராட்சி ஒரு குழு போட்டது. குழுவுக்குத் தலைவர் எங்கள் ஊர் நாற்காலிக்காரர். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கூட்டத்துக்கு நாற்காலி அவருடையது என்பதால் தலைவர் பதவியும் அவருடையது. வேறு யாரையாவது போட்டிருந்தால் எல்லோரும் நின்றுகொண்டே பேசியிருக்க வேண்டும். அவர் யார் என்றால், விசில்காரரின் கூடப்பிறந்த தம்பி. விசில்காரர் செத்துப் பல வருஷமாகிறது. ஆனால் அவருடைய பித்தளை விசில் தம்பியின் சட்டைப் பையில்தான் இருக்கும். நாற்காலி இறக்கும் ஆட்களைக் கூப்பிட அதைத்தான் ஊதுவார்.

நான் முதலில் கல்தச்சரிடம் போனேன்.

"பத்துப் பேருன்னு சொல்லியிருக்காங்க, பத்துப் பேருக்குக் கோடு போட்டாச்சு" என்றார் அவர், உளியை நிறுத்தாமல்.

"அடியில ஒரு வரிக்கு எடம் விட்டு வைங்களேன்."

"விடலாம். பேரு வரலன்னா அந்த எடத்துல என்ன போடறது? உங்க படத்தையா?"

"ஒரு பூ போட்டுடுங்க."

"சரி. கூட்டம் முடிஞ்சு வந்து சொல்லுங்க. பூவா, பேரா? பூ போட்டப்புறம் வந்து நின்னீங்கன்னா நான் மலைக்குத்தான் திரும்பப் போகணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "கூட்ஸ் வண்டி கூவினதுக்கே கட்டுப்பட்டவருங்க அவரு. அன்னிக்கு அந்த விசிலுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லியிருப்பாரா?" என்றாள்.

"எனக்குத் தெரியும். ஊருக்கு எப்படிச் சொல்றது?"

"அதான் உங்க தொழிலாச்சே. இத்தனை வருஷம் ஊர் பூரா அளந்தீங்களே, எனக்காக ஒரு தடவ உண்மையா அளங்க."

சாட்சி வேண்டும். அன்று வேஷம் கட்டியவர்களில் உயிரோடு இருந்தது ஒருத்தர்தான்: இளவரசி. பதினாறு வயதில் இளவரசி வேஷம் கட்டியவர், எண்பதைத் தாண்டியும் ஊருக்கு இளவரசிதான். மளிகைக் கடைப் பாக்கிச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். அன்றைய நாடகத்தில் அவர் பார்வையாளர்களுக்கு நடுவில் நடந்துவந்து மேடையேற வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்ததால் இந்தப் பக்கம் தங்கிவிட்டார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தோம்.

"எனக்கு என்ன தம்பி ஞாபகம் இருக்கு? ஒரே கூச்சல். விசிலக் கேட்டனா இல்லியான்னு சத்தியமா சொல்ல முடியல" என்றார். "கேட்டேன்னு பொய் சொல்லட்டுமா? நான் நடிகை, நல்லாவே சொல்லுவேன்."

"வேண்டாம்மா. பொய் வேணும்னா இவரே போதும்" என்றாள் வீட்டுக்காரி.

அந்த நேரம் பார்த்து மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த எங்கள் மகனுக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. இவள் சன்னல் பக்கம் போய் இரண்டு விரலை வாயில் வைத்து அவனைக் கூப்பிட்டாள். அவள் அப்பாவிடம் கற்றுக்கொண்ட விசில். நீளமாகப் போய், கடைசியில் சுழித்து ஏறியது.

இளவரசியின் டீ என் புதுச் சட்டையில் இருந்தது. கிளாஸ் தரையில் உருண்டது. அவருடைய இரண்டு கையும் தலைமேல் இருந்தன.

"ஐயோ, மன்னிச்சுக்கோ தம்பி. பழக்கம்" என்றார். "அந்தச் சத்தம் மேலேருந்து வந்தா கை தானா போயிடும். இத்தனை வருஷமாச்சு, பாரேன்."

"கீழேருந்து விசில்காரர் ஊதினா?"

"அதுக்கு ஏன் வைக்கப் போறோம்? அது அவருக்கு. இதுதான் எங்களுக்கு."

நான் சட்டையைத் துடைக்கவில்லை. டீ சுட்டதுகூட உறைக்கவில்லை. தீப்பிடித்த அன்று டிக்கெட் கிடைக்காமல் கொட்டகை வாசலில் முறைத்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். உள்ளேயிருந்து ஜனங்கள் வெளியே வந்தது என் கண்முன்னால் அப்படியே நிற்கிறது. இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசுகிற யாரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

கூட்டத்தன்று நகராட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. ஊரின் பழைய தலைகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. முன்னால் நாற்காலிக்காரர். அவர் பக்கத்தில் நகராட்சி இன்ஜினீயர். அவர் சின்னப் பையன், வெளியூர், நேராக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி கடைசி வரிசையில் இருந்தாள்.

நான் எழுந்ததுமே நாற்காலிக்காரர் ஆரம்பித்தார். "வாய்யா அளப்பு. இன்னிக்கு எத்தனை முழம்?"

"ஒரு வரிதான். கல்லுல எங்க மாமனார் பேரு."

"அது முடிஞ்சுபோன விஷயம். எங்கண்ணன் சாகற வரைக்கும் சொன்னான். ஊதினேன், பதில் வரலன்னு. செத்தவன் பொய் சொல்லுவானா?"

"சொல்றப்ப உயிரோடதானே இருந்தாரு" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. நாற்காலிக்காரருக்குக் காது சிவந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதான். நாலாவது பெஞ்சு, பயில்வான் பக்கத்துல."

"வெளிய வர்றப்ப கை எங்க இருந்துது?"

"இதென்னய்யா கேள்வி? தலையிலதான். எல்லாரும் அப்படித்தான் வந்தோம், ஊருக்கே தெரியும்."

"ஏன் தலையில வச்சீங்க?"

"ஏனா? பத்துப் பேரு போயிருக்காங்க. தலையில கை வைக்காம இடுப்புலயா வைப்பாங்க?"

"சரிதான். அந்தப் பத்துப் பேரு போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பக்கத்து வரிசையில் ஒரு கிழவர் முந்திக்கொண்டார். "மறுநாள்தான்பா தெரிஞ்சுது. அன்னிக்கு எல்லாரும் பின்கதவு வழியா தப்பிச்சிட்டாங்கன்னுதான் நெனச்சோம்."

"அப்ப, யாரும் சாகாத துக்கத்துக்கு எல்லாருமா சேர்ந்து தலையில கை வச்சீங்களா?"

நாற்காலிக்காரர் சுதாரித்துக்கொண்டார். "அட, பழக்கதோஷம்யா. எங்கண்ணன் ஊதின விசிலக் கேட்டே வச்சிருப்போம். விசில்னா விசில்தானே?"

"பாத்துடலாமே" என்றேன். "அண்ணன் விசில் உங்க பையிலதான இருக்கு? அன்னிக்கு மாதிரியே ஊதுங்க."

அவர் எழுந்து நின்று பித்தளை விசிலை எடுத்து, மூச்சு முடியும்வரை இழுத்து ஊதினார். முகம் கருநாவல் நிறத்துக்குப் போனது. மண்டபத்தில் ஒரு கையும் அசையவில்லை. வாசலில் இருந்து அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "எந்த நாற்காலிய எடுக்கணும் மொதலாளி?" என்றார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து பதில் விசில் வந்தது.

நீளமாகப் போனது. கடைசியில் சுழித்தது. மேலே ஏறியது.

நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்த அத்தனை நரைத்த தலைமேலும் இரண்டிரண்டு கை. கைத்தடிகள் சடசடவென்று தரையில் விழுந்தன. காது கேட்காத ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து ஒரு நொடி தாமதமாக வைத்தார். இளவரசி வைத்திருந்தார். இன்ஜினீயர் மட்டும் ஒன்றும் புரியாமல் கூரையைப் பார்த்தார். "என்ன சார் ஆச்சு? என்ன விழப்போகுது?" என்றார்.

நாற்காலிக்காரரின் கைகளும் தலைமேல்தான் இருந்தன. விசில் அவர் வாயிலிருந்து நழுவி மேசையில் விழுந்து உருண்டது. வெகு நேரம் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு அதே நிலையில், மைக்கில் இல்லாமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அவன் பதிலுக்கு நிக்கலய்யா. ஊதிட்டுக் குதிச்சிருக்கான். சின்ன வயசு அப்போ."

வீட்டுக்காரி அதற்குள் நடந்து முன்னால் வந்திருந்தாள். மேசையில் கிடந்த விசிலை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"உங்கண்ணன் ஓடினதத் தப்புன்னு நான் எப்பண்ணே சொன்னேன்? எங்கப்பா ஓடலன்னுதானே சொன்னேன்."

"எழுதிக்கய்யா" என்றார் நாற்காலிக்காரர் இன்ஜினீயரிடம். அப்போதும் கையை எடுக்கவில்லை. "பதினோரு பேரு."

கல்தச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். "பேரு" என்றேன். அவர் பூவை வரைய எடுத்து வைத்திருந்த சுண்ணாம்புக் கட்டியைத் தூக்கி எறிந்தார்.

கல் நட்ட அன்று ஊரே வந்திருந்தது. நாற்காலிக்காரர் இலவசமாக நாற்காலி போட்டார், என் வீட்டுக்காரிக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. அவள் உட்காரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கல்லைப் பார்த்து நின்றாள். கடைசி வரியை விரலால் தடவினாள். நான் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன்.

"என்னங்க, எழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கே" என்றாள்.

"கல்தச்சரும் நம்ம ஊர்தானே" என்றேன்.

ஒரு மனிதர், நெருப்புக்கு நடுவில், பரணில் நின்று பதில் விசில் கொடுத்து, அந்தப் பாரத்தைத் தனி ஆளாக இறக்கி, ஒரு கொட்டகை நிறைய ஜனங்களைக் காப்பாற்றினார் என்பது இப்போது கல்லிலேயே இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். தீயணைப்பு நிலையத்தில் இத்தனை காலம் பூட்டிக் கிடந்த, எரியாமல் மிஞ்சிய இரும்புத் திரைத் துண்டையும் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கித்தான் துணி என்பதால், அந்து அரிக்காமலிருக்க மாதம் ஒரு தடவை அந்துருண்டை மாற்றுகிறார்கள்.